பார்வோ குடலழற்சி (நாய்)

பார்வோ குடலழற்சி என்பது, நாய்ப் பார்வோ வைரஸின் இரண்டாம் வகையால் உண்டாகி, சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்து, பிரதானமாக 6 வாரம் முதல் 6 மாதம் வரையுள்ள குட்டிகளைத் தாக்கும் கொடிய தொற்றுநோயாகும்.

வகை: 1970-களின் இறுதியில் உலகெங்கும் பரவிய இவ்வைரஸ், பின்னர் 2ஏ, 2பி, 2சி என்னும் பேதங்களை அடைந்தது, இவற்றுள் 2சி, 2000-ஆம் ஆண்டில் இத்தாலியில் முதன்முதல் கண்டறியப்பட்டது.

லட்சணங்கள்: நோயுற்ற நாயின் மலத்தின் வழியே பரவி, மண்ணில் பல மாதம் அழியாதிருக்கும் இவ்வைரஸ், உடலிற் புகுந்த 3 முதல் 7 நாட்களில், சோர்வு, ஜுரம், ஓயாத வாந்தி, துர்நாற்றமுள்ள இரத்தக்கழிச்சல் ஆகியவற்றைத் தோற்றுவித்து, எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளணுக்களைக் குறைக்கிறது.

பலெர்மோ ஆய்வுகள்: சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் தலைமையகம் கொண்ட விலங்கு நோய்த்தடுப்பு ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், ஆசிய மூலத்தைச் சேர்ந்த 2சி வைரஸ், இறக்குமதி செய்யப்பட்ட நாயின் வாயிலாக ஐரோப்பாவை அடைந்ததையும், பின்னர் தென் இத்தாலியில் பரவியதையும் மரபணு ஆராய்ச்சியால் நிரூபித்தனர். பிராணிகளின் போக்குவரத்தும் நோய்ப்பரவலுக்கு ஹேதுவாகும் என்பதை இது ஸ்தாபித்தது.

வைத்திய உதவி: குட்டி வாந்தியெடுத்தாலோ கழிந்தாலோ உணவை மறுத்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பித்தல் அவசியம். வளர்ந்த நாயாயினும், மலத்தில் இரத்தம், கருநிற மலம், வயிற்று வீக்கம், பலனற்ற குமட்டல், தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று காணின் தாமதித்தல் ஆகாது. சாதாரணக் கழிச்சலும் இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரை அணுகுதல் வேண்டும். சிரைவழித் திரவமும் வாந்தியடக்கும் மருந்துமே சிகிச்சையின் ஆதாரம். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் நிறையும்வரை குறித்த இடைவெளிகளில் இடப்படும் தடுப்பூசியே சிறந்த பாதுகாப்பு.