சுடுகாட்டு மல்லியின் கதை

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இந்தச் செடியை அறியாதவர் இல்லை. ஐந்து இதழ், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. ஆடு மாடு வாய் வைக்காது. கோடையிலும் பூப்பதால் நித்தியகல்யாணி. சுடுகாட்டோரம் மண்டுவதால் சுடுகாட்டு மல்லி. நான் பிரெஞ்சில் படித்தவன். எனக்கு இது ‘பெர்வான்ஷ்’ என்றே முதலில் அறிமுகம்.

இதன் பிறப்பிடம் மடகாஸ்கர். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசத் தோட்டத்திலிருந்து விதை லண்டனுக்குப் போயிற்று. 1759-இல் லின்னேயஸ் ‘வின்கா ரோசியா’ என்று பெயரிட்டார்.

1952-இல் ஜமைக்காவிலிருந்து ஒருவர் கனடா டாக்டர் கிளார்க் நோபிளுக்கு இதன் இலைகளை அனுப்பினார். அங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயமாகக் குடிப்பார்களாம். (நம்மூரிலும் குடிக்கிறார்கள்.) அவர் தம்பி ராபர்ட் நோபிள் எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை, இரத்த வெள்ளையணுக்கள் சரிந்து, எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. வேறொருவர் குப்பையில் போட்டிருப்பார். இவரோ, வெள்ளையணு கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுக்கு இது உதவாதா என்று யோசித்தார். 1958-இல் சார்லஸ் பீருடன் சேர்ந்து வின்பிளாஸ்டினை அறிவித்தார். அமெரிக்காவின் எலை லில்லி கம்பெனி இதே செடியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அங்கே அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் முக்கிய மருந்து அது.

வேலை செய்யும் விதம் இது. செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்க நுண்ணிய குழாய்கள் கயிறுபோல் உருவாகும். மருந்து அவற்றை உருவாகவிடாது. குரோமோசோமில் டி.என்.ஏ. இழை சுற்றியிருக்கும் புரதம் ஹிஸ்டோன். 1884-இல் கோசல் வாத்தின் இரத்தத்தில் கண்டது. செல் பிரியும் வேளையில் எச்3 என்ற ஹிஸ்டோனில் பாஸ்பேட் ஒட்டும், பிரிந்ததும் நீங்கும். மருந்து பட்ட செல் பாதியில் நின்றுவிடுவதால் அந்த முத்திரையும் நீங்காது. ‘நடவடிக்கையில்’ என்று எழுதிய கோப்பு மேசையிலேயே கிடப்பதை நாற்பது வருஷம் பார்த்த எனக்கு இது உடனே புரிந்தது. முத்திரையுள்ள செல்களை எண்ணித்தான் ஆய்வாளர்கள் மருந்தின் வீச்சை அளக்கிறார்கள். நரம்பிலும் இதே குழாய்கள் இருப்பதால்தான் ஊசி போட்டவருக்குக் கைகால் மரத்துப் போகிறது.

சர்க்கரைக்கு இலையை அரைப்பவர்கள் அந்த எலிகளை நினைத்துக்கொள்ளட்டும். கீமோ எடுப்பவர் வீட்டில் தொடவே வேண்டாம்.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரியில் பயிரிட்டு வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். நாம் வேலியைச் சுத்தம் செய்யும்போது பிடுங்கிப் போடுகிறோம்.