அணிலுக்கும் குருவிக்கும் சோறு வைக்கிறீங்களா? மதில்மேல் பூனையையும் கொஞ்சம் கவனிங்க!

காலையில மொட்டைமாடியில ஒரு பிடி சோறு, பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி. நம்மில் பலருக்கும் இது தினசரி வழக்கம். முதலில் காகம் வரும், பிறகு மைனா, அணில் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். அதே இடத்தை மதில்மேல் படுத்திருக்கும் பூனையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எது என்ன சாப்பிடும், எதை எது சாப்பிடும் என்று தெரிந்துகொண்டால், நாம் வைக்கும் சாப்பாடு அவற்றுக்கு ஆபத்தாக முடியாது.

அணில் சுத்த சைவமா?

கார்ட்டூனில் வரும் அமெரிக்க சிப்மங்க்கையும் நம்ம ஊர் அணிலையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டுக்கும் முதுகில் கோடு உண்டு, வாழ்க்கை வேறு. சிப்மங்க், கொட்டைகளைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய் மண்ணுக்குள் இருக்கும் வளையில் சேமித்து, குளிர்காலத்தை அங்கேயே கழிக்கும். முதுகில் மூன்று கோடு போட்ட நம்ம அணிலுக்கு அந்தக் கவலை இல்லை. கொய்யா, மாம்பழம், விதைகள், பூக்களின் தேன் என்று ஆண்டு முழுக்க ஏதாவது கிடைக்கும். பூச்சிகளையும் தின்னும். அசந்த நேரத்தில் குருவிக்கூட்டில் இருக்கும் முட்டையையும் விட்டுவைக்காது!

குஞ்சுக்கு வேண்டியது புழு

சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான். ஆனால், தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு, பூச்சிகளையே ஊட்டும். பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டும் குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும்தான் தேடும். அதனால் நாம் எவ்வளவு கம்பு போட்டாலும், செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்தால் குஞ்சுகள் பட்டினிதான்.

யாருக்கு யார் எதிரி?

வானத்திலிருந்து வருவது வைரி எனும் சிறிய வல்லூறு. ஓணான், குருவி, அணில் எல்லாம் அதற்கு இரை. செம்போத்தும் காகமும் கூட்டில் இருக்கும் முட்டை, குஞ்சுகளைத் தேடும். சாரைப்பாம்பும் கூடு வரை ஏறிவிடும். வாலை வெட்டி வெட்டி அணில் விடாமல் கத்தினால், பக்கத்தில் ஏதோ ஆபத்து என்று பொருள். தவிட்டுக்குருவிகளோ கூட்டமாகச் சேர்ந்து சத்தம் போட்டே எதிரியை விரட்டப் பார்க்கும்.

இதெல்லாம் இயற்கையின் கணக்கு. பூனை கணக்கு வேறு. வயிறு நிறைந்திருந்தாலும் அது வேட்டையாடும். வெளியே திரியும் பூனைகள் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

நாம என்ன செய்யலாம்?

* பூனை பதுங்கும் அளவுக்கு அடர்ந்த செடி, பூந்தொட்டிகளிலிருந்து பத்தடியாவது தள்ளி, உயரமான இடத்தில் சாப்பாடு வையுங்கள்.

* உப்பு, எண்ணெய் சேர்த்த மிக்சர், சிப்ஸ், பிஸ்கட் வேண்டாம். பாலும் வேண்டாம், பறவைகளுக்கு அது செரிக்காது. கம்பு, தினை, பழத்துண்டு, உப்பில்லாத சோறு போதும். மிஞ்சியதை அன்றே அள்ளிவிடுங்கள்.

* தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கட்டும். தினமும் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

* பூனை வளர்ப்பவர்கள், அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் அதை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

* இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தினால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். பறக்கப் பழகும் பருவம் அது. பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகினால் போதும். 'மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காது' என்பது வெறும் நம்பிக்கை.

வல்லூறு அணிலைத் தூக்கினால், அது அதன் சாப்பாடு. நாம் வைத்த சோற்றை நம்பி வந்த உயிரை நம்ம வீட்டுப் பூனை பிடித்தால், அதில் நம் பங்கும் இருக்கிறது. நாளைக்குக் காலையில் சோறு வைக்கும் முன், மதில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்!