கனிம ராயல்டி வழக்கு

சுரங்கக் குத்தகைதாரர் செலுத்தும் ராயல்டி வரியாகுமா என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு முடிவுசெய்த வழக்கு. தீர்ப்பு 25 ஜூலை 2024 அன்று, 8-க்கு 1 என்ற கணக்கில் வெளிவந்தது.

இதன் வேர் தமிழ்நாட்டில் உள்ளது. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ், ராயல்டியையும் நிலவரியாகக் கணக்கிட்டு அரசு தலமேல்வரி கேட்டது. இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ராயல்டியே ஒரு வரி, அதன்மேல் மாநிலம் மேல்வரி விதிக்க முடியாது என்று 1989-இல் ஏழு நீதிபதிகள் கூறினர். அந்த வாசகம் கைப்பிழை என்று 2004-இல் கேசோராம் வழக்கில் ஐவர் அமர்வு கருதியது. எழுவர் சொன்னதை ஐவர் திருத்தியது விந்தைதான். குழப்பம் இன்னும் இருபது ஆண்டு நீடித்தது.

1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு குறிப்பிடும் ராயல்டி, கனிம உரிமைக்காகக் குத்தகைதாரர் தரும் ஒப்பந்தக் கட்டணமே என்றது 2024 தீர்ப்பு. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்கும் மாநில அதிகாரம் பெரும்பான்மைத் தீர்ப்பால் உறுதியானது. தமிழ்நாடு இயற்றிய கனிம நிலவரிச் சட்டம் 4 ஏப்ரல் 2025 முதல் நடைமுறைக்கு வந்தது. அரியலூர் சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கு அச்சட்டம் நிர்ணயித்த வரி டன்னுக்கு 160 ரூபாய்.