கருவும் கழுவாயும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அவர்தம் கடற்படை 1957இல் இத்துறையை விட்டு நீங்கிற்று. அவர்கள் ஆட்சியில் வந்த சட்டங்களோ பல இங்கேயே தங்கிவிட்டன. அவற்றுள் கருவழித்தல் பற்றிய சட்டத்தைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம். இளைஞர் மலரில் இப்பொருள் வேண்டுமா எனப் பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எனினும் எம் மன்றத்தில் இதுபற்றி விவாதம் நடந்தபோது, "பாவம்" என்ற ஒரே சொல்லைச் சொல்லிப் பலரும் அமர்ந்துவிட்டனர். நம் முன்னோரும் அவ்வளவோடு அமர்ந்தனரா என்று பார்த்தல் நம் கடனன்றோ?

அது பாவம் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. தருமநூல்கள் கருவைக் கொல்லுதலைப் பிரூணஹத்தி என்று பெயரிட்டுப் பெரும்பாவங்களுள் வைத்தன. ஆனால் புறநானூற்றின் 34ஆம் பாட்டைப் பாருங்கள். கிள்ளிவளவனைப் பாடிய ஆலத்தூர் கிழார், பசுவின் மடியை அறுத்தவர்க்கும் மகளிர் கருவைச் சிதைத்தவர்க்கும் கூடக் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவர்க்கே உய்தி இல்லை என்கிறார். நாம் இப்பாட்டை நன்றி மறவாமைக்கு மட்டுமே மேற்கோள் காட்டிப் பழகிவிட்டோம். அதில் வேறு இரண்டு செய்திகளும் உள. கருச்சிதைவு கொடுமையே, ஆயினும் மீளும் வழி அடைக்கப்படவில்லை என்பது ஒன்று. புலவர் குற்றஞ் சுமத்துவது சிதைத்தவர் மேலேயன்றி, அதற்கு ஆளான மகளிர் மேலன்று என்பது மற்றொன்று.

மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலிலே, கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் தப்பிவரும் ஆபத்துக்களை அடுக்கிச் செல்கிறார். பத்தாம் மாதத் துன்பத்தைச் சொல்லுமிடத்தில் தாயையும் உடன்சேர்த்தே சொல்கிறார். சுசுருதரின் வைத்திய நூலும் இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. உயிருள்ள சிசுவின்மேல் கத்தி வைத்தலாகாது, வைத்தால் தாயும் மாள்வாள் என்கிறது. இறந்த சிசுவாயின், தாயைக் காக்க ஒரு முகூர்த்தமேனும் தாமதியாது வெளியேற்றவேண்டும் என்கிறது.

நிற்க. நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாகும். மெக்காலே முதலில் வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி அது அமைந்தது. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காத்தற்பொருட்டு நல்லெண்ணத்தோடு செய்ததாயினன்றி, கருச்சிதைவு செய்தவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ கிடைக்கும். சிசு வயிற்றில் அசைவு காட்டிய பின்னாயின் சிறை ஏழாண்டு வரை நீளும். தன் கருவைத் தானே சிதைத்த பெண்ணும் குற்றவாளியே. பலாத்காரத்துக்கு ஆளான சிறுமிக்கும் விலக்கு இல்லை.

இச்சட்டத்தை வகுத்த இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. இந்தியா 1971இல் மாற்றியது. இலங்கையில் 1995இல் பலாத்காரம், முறைகேடான உறவு, சிசுவின் கடுங்குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்களிக்க ஒரு முயற்சி நடந்தது. பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால் அந்த வாசகம் கைவிடப்பட்டது. 2017இல் நீதியரசர் அலுவிகார தலைமையிலான குழு ஏறக்குறைய அதனையே பரிந்துரைத்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர். ஏனைய மதத்தார் சிலரும் தயங்கினர். காரியம் மீண்டும் கிடப்பிலாயிற்று. அவ்விவாதத்தில் சைவர் குரல் பெரிதாகக் கேட்டதாக எமக்கு நினைவில்லை.

கரு உயிர் என்பதே எம் கொள்கை. வசதிக்காக அதனை அழிப்பதை நாம் ஏற்கோம். ஆனால் கெடுக்கப்பட்ட சிறுமியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும், அவள் ஒளித்துப்போய் நாட்டுமருந்தாலோ கம்பியாலோ உயிரிழக்க விடுவதும் நம் நூல்களில் நாம் காணாதவை.

மேற்சொன்ன மன்ற விவாதத்தின் இறுதியில், இளைப்பாறிய மருத்துவிச்சி அம்மா ஒருவர் எழுந்தார். "தம்பிமாரே, நாற்பது வருஷம் இந்த வேலை பார்த்தனான். அழுதுகொண்டு வந்த பெட்டையளைத் தாய்மார் கூட்டிவந்தவை, மாமிமார் கூட்டிவந்தவை. அந்தப் பெடியன் ஒருத்தனாவது கூட வந்ததை நான் காணேல்லை," என்றார். முன்வரிசையிலிருந்த எம்மில் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.