செடிக்கு டொலமைட், தட்டுக்குக் கோதுமை மா

1919இல் ஓப்பநாயக்கவுக்குக் கோச்சி வந்தது. கொழும்பிலிருந்து அவிசாவளை, 1912இல் இரத்தினபுரி, அதற்கும் ஏழு ஆண்டு கழித்து ஓப்பநாயக்க. இரண்டரை அடி அகலமே உள்ள களனிவெளித் தண்டவாளம் இங்கே வந்து முடிந்தது. பாதை போடப்பட்டதே தோட்டங்களுக்காகத்தான். தேயிலைப் பெட்டியும் இறப்பர் பொதியும் கொழும்புக்கு இறங்கின. அரிசி மூட்டைகள் மலைக்கு ஏறின. அந்த மூட்டைகளுக்குள் இருந்தது பர்மாவிலும் இந்தியாவிலும் விளைந்து, ஆலையில் தவிடு நீக்கிய அரிசி. சப்ரகமுவத் தோட்டத் தமிழரின் சாப்பாட்டில் மக்னீசியம் எப்படிக் குறைந்தது என்ற கதையை அங்கிருந்தே தொடங்கலாம்.

கங்காணிகள் ஆள் பிடித்தது பெரும்பாலும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களில். அங்கே மானாவாரிக் காட்டை நம்பியவர்கள் வீட்டில் அன்றாடம் பொங்கியது கேழ்வரகும் கம்பும் சோளமும். களி, கூழ், அதற்குத் துணையாகக் கொள்ளு, துவரை, வரப்பில் பறித்த கீரை. நெல்லுச்சோறு நாள் கிழமையில் கிடைத்தால் உண்டு. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி ஆள் கூட்டியதாக மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். தேங்காய் கிடைத்ததோ இல்லையோ, அரிசி கிடைத்தது. ஏழைக்கு அது ஏற்றமாகவே பட்டிருக்கும். அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 140 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் 20 முதல் 35 வரைதான்.

வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. தானியத்தின் மக்னீசியம் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. கேழ்வரகு மணி சின்னது. தோலோடு அரைத்துத்தான் தின்ன முடியும். அரிசியை ஆலை தீட்டும்போது தவிடு மாட்டுக்குப் போய்விடும்.

அரிசி தோட்டத்தில் வெறும் உணவாக இருக்கவில்லை, சம்பளத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. தோட்டமே அரிசி கொடுக்கும், செக்ரோலில் எழுதி மாதச் சம்பளத்தில் பிடிக்கும். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தபோது, கூலியோடு சேர்த்து அரிசியின் விலையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தரமான அரிசி, நிர்ணயித்த விலை: அந்தக் காலத்துக்கு அது உண்மையான பாதுகாப்பு. கூடவே, லயத்து அடுப்பில் எது வேக வேண்டும் என்பதைத் தோட்ட ஸ்டோரும் சட்டமும் தீர்மானிக்கும் பழக்கமும் வேரூன்றியது.

தவிடு போனால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை உலகம் அதே காலத்தில்தான் கற்றுக்கொண்டிருந்தது. மலாயாவில் சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கால் வீங்கி மடிந்தார்கள். பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் எழுதிய நூலில் காரணத்தை அரிசியில் தேடினார்: சீனர் தின்றது சயாமின் பச்சரிசி, தமிழர் தின்றது புழுங்கலரிசி. ஃபிரேசரும் ஸ்டான்டனும் சாலைத் தொழிலாளர்களுக்கு இரண்டு விதமான அரிசியையும் கொடுத்துப் பார்த்து அதை உறுதிப்படுத்தினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் உள்ளே இறங்கி, தீட்டிய பிறகும் தங்கிவிடுகிறது. பாட்டிமார் நெல் அவித்த அண்டா அத்தனை உயிர்களைக் காத்தது. மக்னீசியத்தை மட்டும் அந்த அண்டாவால் காப்பாற்ற முடியவில்லை. தீட்டிய புழுங்கலரிசியில் இருப்பதும் தீட்டிய பச்சரிசியில் இருப்பதும் ஏறத்தாழ ஒரே அளவுதான்.

தோட்டத் தொழிலாளி மக்னீசியத்தை மருந்தாகச் சந்தித்த ஒரு சந்தர்ப்பம் உண்டு, அது கொஞ்சம் விநோதமானது. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. வெறுங்காலோடு மலைக்குப் போனவர்களின் பாதம் வழியே ஏறிய புழு, குடலில் தொங்கிக்கொண்டு இரத்தத்தைக் குடித்தது. சிகிச்சை என்பது கீனோபோடியம் எண்ணெயோ தைமோலோ கொடுத்துப் புழுவை மயக்கி, பிறகு பேதியுப்பு கொடுத்து வெளியேற்றுவது. பேதியுப்பு என்பது மக்னீசியம் சல்பேட். குடலுக்குள் நீரை இழுத்துக்கொண்டு கொட்டிவிடும் சரக்கு அது. உடம்பில் சேருவது சொற்பம். வாய்க்குள் அத்தனை மக்னீசியம் போனது அந்த ஒரு நாளில்தான், அன்றே அது வெளியேயும் போயிற்று.

பிறகு யுத்தம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. தீவு தின்ற அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வந்ததுதான், ஆகையால் பங்கீடு வந்தது. அரிசி குறைந்த இடத்தை அவுஸ்திரேலியக் கோதுமை மா பிடித்தது. குரக்கன், அதாவது கேழ்வரகு, விதைக்கச் சொல்லி அரசாங்கமே கேட்ட காலமும் அதுதான். யுத்தம் முடிந்து அரிசி திரும்பியது. மா மட்டும் போகவில்லை.

லயத்துக் காம்பராவில் விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்பு மூட்டுகிறவளுக்கு அது ஏன் பிடித்துப்போனது என்பதை, ரொட்டி சுடுவதை ஒரு தடவை பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம். மாவில் உப்பு, துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி, தண்ணீர். பிசைந்து உள்ளங்கையால் தட்டி இரும்புத் தட்டில் போட்டால் இரண்டு பக்கமும் கரும்புள்ளி விழுந்து வெந்துவிடும். குழம்பு தேவையில்லை, சம்பல் போதும். துணியில் சுற்றி மலைக்கு எடுத்துப் போகலாம், மத்தியானம் வரை கெடாது, வயிறும் தாங்கும். பெரட்டுக்கு முன்னால் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடையைத் தலையில் மாட்ட வேண்டியவளுக்கு இதைவிட வசதியான சாப்பாடு இல்லை. அந்த வெள்ளை மாவில் 100 கிராமுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கும். தவிடு சேர்ந்த முழுக்கோதுமையில் அதைப்போல் நான்கு, ஐந்து மடங்கு.

1973, 74 பஞ்சத்தில் அந்த மாவுக்கே வரிசை. பங்கீடு வெட்டப்பட்டது, தோட்டங்களில் சாவு விகிதம் ஏறியது, மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் பட்டணத்துத் தெருவில் கையேந்தின. அந்த ஆண்டுகளைக் கடந்தவர்களிடம் போய் மாவை விடுங்கள், தானியத்துக்குத் திரும்புங்கள் என்று சொல்வது எளிதல்ல. வயிறு நிறைந்தது மாவினால்தான். 1973இலேயே தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் திரிபோஷ கொடுக்கும் திட்டம் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்தப் பொட்டலம், மாவில் இல்லாத பலதையும் பல குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறது.

இதே காலமெல்லாம், காம்பராவுக்கு வெளியே, தேயிலைச் செடியின் மக்னீசியக் கணக்கு சிரத்தையாகப் பார்க்கப்பட்டது. 1906 வாக்கில் ஜெர்மானிய வேதியியலர் வில்ஷ்டாட்டர் இலைப்பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருப்பதைக் காட்டினார். 1915இல் அந்த ஆய்வுகளுக்கு நோபல் பரிசும் பெற்றார். இலையை விற்றுப் பிழைக்கும் தொழிலுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேண்டுமா? 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அதற்கு இரத்தினபுரி சென் ஜோக்கிமிலும் ஒரு நிலையம் உண்டு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அத்தனை மழை மண்ணிலுள்ள மக்னீசியத்தையும் கல்சியத்தையும் கழுவி ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும், மண் புளித்துப்போகும். செடியில் அது முற்றின இலையில்தான் முதலில் தெரியும்: நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இருக்கிற மக்னீசியத்தைச் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடுவதால் வரும் கோலம் இது.

மருந்து தூரத்தில் இல்லை. ஓப்பநாயக்கவிலிருந்து பதுளை வீதியில் அடுத்த பெரிய ஊர் பலாங்கொடை. அந்தப் பக்கத்து மண்ணுக்கடியில் பளிங்குச் சுண்ணக்கல் இருக்கிறது. டொலமைட் என்பது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்டுக் கல். இலங்கையில் பல இடங்களில் வெட்டிப் பொடியாக்கி மூட்டை கட்டுகிறார்கள். மண்ணின் புளிப்பைச் சோதித்து, கவ்வாத்துச் சுற்றையொட்டி, ஹெக்டேயருக்கு இவ்வளவு என்று அளந்து தூவுவார்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, வாளியிலிருந்து அள்ளி வீசும் ஆளின் புருவம் வரை வெள்ளையாகிவிடும். அவசரத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்த கீசரைட்டும் உண்டு. அதுவும் மக்னீசியம் சல்பேட்தான், அந்தப் பேதியுப்பின் உறவு. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்தபோது இறக்குமதி உரங்களுக்குப் பட்ட பாட்டைத் தோட்டங்கள் இன்னும் மறக்கவில்லை.

தேயிலைக்கு மண் சோதனை, அளவு, கால அட்டவணை. அதைப் பறிப்பவளுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் போட்டதாகத் தெரியவில்லை. நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 150 கிராம் கோதுமை மா ரொட்டி, 200 கிராம் வெள்ளை அரிசி, 50 கிராம் மைசூர்ப் பருப்பு, கொஞ்சம் தேங்காய். தாராளமாகக் கணக்கிட்டாலும் மக்னீசியம் 150 மில்லிகிராமைச் சுற்றித்தான் நிற்கும். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 310 முதல் 320, ஆணுக்கு 400 முதல் 420 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை; இந்தியப் பரிந்துரை அதைவிடக் கூடுதல். நாள் முழுக்கக் குடிக்கும் தேத்தண்ணியில் வருவது மிகச் சொற்பம். 

உடம்பில் இருக்கும் மக்னீசியம் மொத்தமே சுமார் 25 கிராம். பாதிக்கு மேல் எலும்பில், மிச்சம் தசையிலும் மற்ற திசுக்களிலும். இரத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் சாதாரண இரத்தப் பரிசோதனை குறையை எளிதில் காட்டிக்கொடுக்காது. நரம்பு, தசை, இதயத் துடிப்பு, சர்க்கரையை உடம்பு கையாளும் விதம், எல்லாவற்றிலும் அதற்கு வேலை உண்டு. அதற்காகக் கெண்டைக்கால் பிடித்தால் உடனே மாத்திரை வாங்கப் போகவேண்டாம். மாத்திரை பிடிப்பை நிறுத்தும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான சான்று இல்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் மக்னீசிய மாத்திரையோ பேதியுப்போ தொடவே கூடாது. சேரும் மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான்.

சாப்பாட்டில் கூட்டுவது அதைவிடச் சுலபம், பழைய வழிதான். ரொட்டி மாவில் பாதியைக் குரக்கன் மாவாக மாற்றினால் மேலே போட்ட கணக்கில் 85 மில்லிகிராமுக்கு மேல் கூடும். 50 கிராம் பாசிப்பயறு அவித்தால் இன்னும் 90க்கு மேல். இரண்டும் சேர்ந்தாலே, அமெரிக்கப் பரிந்துரைப்படி, பெண்ணின் தேவையை எட்டிவிடுகிறது. பூசணி வெட்டும்போது குப்பைக்குப் போகும் விதையைக் காயவைத்து வறுத்தால், 25 கிராமிலேயே 130 மில்லிகிராம் வரை இருக்கும். எள்ளும் கச்சானும் கௌப்பியும் அடுத்த வரிசை. அரிசியைத்தான் மாற்ற முடியும் என்றால் தவிடு முழுக்கப் போகாத சிவப்பரிசி.

கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் மக்னீசியமும் அதோடு போகும். சப்ரகமுவவில் சிங்களக் கிராமங்கள் தோட்டத்து எல்லையிலேயே இருப்பதால், வல்லாரையையும் பொன்னாங்காணியையும் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு பிரட்டும் மல்லுங் பல லயங்களுக்குள் வந்துவிட்டது. தண்ணீரே வடிக்காத இந்த முறை நம்முடைய கடைசலைவிட இந்த விஷயத்தில் மேலானது. கேழ்வரகுக் கூழைப் புளிக்கவைத்த முன்னோரின் பழக்கமும் அப்படித்தான்: தானியத்தில் மக்னீசியத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் புளிப்பில் உடைகிறது. பயறை ஊறவைத்து முளைகட்டுவதும் அதே வேலையைச் செய்கிறது.

தடையாக இருப்பது அறியாமையைவிட விலையும் நிலமும். குரக்கன் மா கோதுமை மாவைவிட விலை கூடியது. 2022 நெருக்கடியில் கோதுமை மா சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோதுகூட, பல குடும்பங்கள் குரக்கனுக்கு மாறவில்லை. ரொட்டியின் எண்ணிக்கையைத்தான் குறைத்தன. லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலம் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அங்கே முருங்கைக் கொம்பு ஊன்றவும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய நிலை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்த குடும்பங்களின் வேலியில் முருங்கையும், மூலையில் பூசணியும், வாளியில் தண்டுக்கீரையும் நின்றால் பாதி வேலை முடிந்துவிடும்.

மிச்சப் பாதி தோட்டத்தின் கையில். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அரிசி கொடுத்தார்கள், பிறகு அதே முறையில் கோதுமை மா கொடுத்தார்கள். செக்ரோலில் குரக்கன் மாவுக்கும் பாசிப்பயறுக்கும் ஒரு கட்டம் போட்டு, மொத்தமாக வாங்கிய விலைக்கே கொடுக்கத் தோட்டக் கம்பெனிகளும் கூட்டுறவுக் கடைகளும் முன்வர வேண்டும். அதைக் கேட்கும் பொறுப்பு தொழிற்சங்கங்களுடையது.