செல் கொட்டிய குப்பைக்குள் இருந்த சேதி

1/ வில்லியனூர், பாகூர் பக்கம் மஞ்சள் காமாலைன்னா பலர் முதல்ல தேடுறது கீழாநெல்லி. ஆனா கணையத் தலையில் கட்டி வளர்ந்து பித்தக்குழாயை அடைச்சாலும் கண் மஞ்சளாகும். வலியே இல்லாமலும் இருக்கலாம். கணையப் புற்றுநோய் தெரியவரும்போது பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டியிருக்கும்.

"முன்னாடியே ரத்தத்துல கண்டுபிடிக்க முடியாதா டாக்டர்?"னு கேக்குறீங்க. அந்தத் தேடலின் வரலாறு இது.

2/ 1983. முதிரும் சிவப்பணுக்கள் தமக்குத் தேவைப்படாத புரதத்தை நுண்ணிய பைகளில் கட்டி வெளியே தள்ளுவதை கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும், அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் குழுவும் தனித்தனியே பார்த்தன. இந்தப் பைகளுக்குப் பிறகு 'எக்சோசோம்' என்று பெயர் வந்தது. செல் கொட்டும் குப்பை என்றே பல வருஷம் நினைத்தார்கள்.

3/ 1993. விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 1 மில்லிமீட்டர் புழுவில் மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டார்கள். சுமார் 22 எழுத்துதான் நீளம். ஆனா எந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கணும்னு செல்லுக்குள் அதிகாரம் செய்யும். 2024இல் இதற்குத்தான் இருவருக்கும் நோபல் பரிசு.

4/ 2007. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் இரண்டு கதையும் ஒன்று சேர்ந்தது. அந்த 'குப்பைப் பை'க்குள்ளேயே மைக்ரோ ஆர்என்ஏ இருந்தது! ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்புது. புற்றுநோய் செல்லும் அப்படித்தான்; அது அனுப்புவது ரத்தத்திலும் மிதக்குது.

5/ 2015இல் ரகு கல்லூரியின் குழு, எக்சோசோம் மேலுள்ள கிளிப்பிக்கன்-1 புரதமே கணையப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் என்றது. உலகமே பரபரப்பானது. 2017இல் வேறொரு குழு, அந்தப் புரதத்தைவிட உள்ளே இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களே நன்றாகப் பிரித்துக் காட்டுவதாகச் சொன்னது. கட்டியை அகற்றிய 24 மணி நேரத்தில் அவற்றின் அளவு இறங்கியது. ஆனால் அது சிறிய ஆய்வு.

6/ நமக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. கணையத்தில் கல் சேரும் நாள்பட்ட அழற்சி தென்னிந்தியாவில் தெரிந்த நோய். அவர்களுக்குக் கணையப் புற்று ஆபத்து பல மடங்கு அதிகம் என்று 1994இலேயே சென்னை நோயாளிகளை வைத்து எழுதப்பட்டது. அழற்சியையும் புற்றையும் பிரித்துக் காட்டாத டெஸ்ட் நமக்கு உதவாது.

7/ அதனால கணையப் புற்றுக்கான எக்சோசோம் டெஸ்ட் இன்னும் வழக்கமான பரிசோதனையா ஆகல. அதுக்காகக் காத்திருக்காதீங்க, பணமும் கட்டாதீங்க.

கண் மஞ்சள், அடர்ந்த சிறுநீர், வெளிறிய மலம், அரிப்பு. 50 வயசுக்கு மேல் திடீர்னு சுகரும் கூடவே எடைக்குறைவும்... இதுல எது இருந்தாலும் நாள் கடத்தாம ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஸ்கேன் தேவையான்னு அங்கே முடிவு பண்ணுவாங்க. சேதியை உங்க உடம்பே அனுப்புது. படிச்சிடுங்க.