பதக்கம் வாங்காதவர்களுக்கு என்ன கிடைத்தது?

2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பனுக்கு மாநில அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. டோக்கியோவில் வெள்ளியும் வென்றபின், 2021 நவம்பரில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் வேலையும் கொடுத்தது. ஆயுள் முழுக்க ஃபைல் தள்ளிய எனக்கு அந்த 2 கோடியைவிட நியமன ஆணைதான் பெரிதாகத் தெரிகிறது. சரி, உயரம் தாண்டத் தெரியாத மாற்றுத்திறனாளிக்கு இந்தப் போட்டிகளால் என்ன லாபம்?

ஜப்பானில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1964-ல் டோக்கியோவில் பாராலிம்பிக்ஸ் நடந்தபோது, ஜப்பானிய அணியில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியிலிருந்தும் சானடோரியத்திலிருந்தும் வந்தவர்கள். வெளிநாட்டு வீரர்களோ வேலை பார்க்கிறவர்கள், குடும்பஸ்தர்கள். ஜப்பானிய அணிக்குத் தலைமை தாங்கிய டாக்டர் யுடாகா நகாமுரா இந்த வித்தியாசத்தைக் கவனித்தார். மறுவருஷமே பெப்பு நகரில் ‘தாயோ நோ இயே’, அதாவது சூரிய இல்லம், என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கினார். தர்மம் வேண்டாம், வாய்ப்புக் கொடுங்கள் என்பதே அவர் கட்சி. 1972-ல் ஓம்ரான் கம்பெனி அவரோடு சேர்ந்து தொழிற்சாலை போட்டது. பிறகு சோனி, ஹோண்டாவும் வந்தன. அந்த வருஷம் பதக்கப் பட்டியலில் ஜப்பான் எத்தனையாவது என்று இன்று யாருக்கு ஞாபகம்?

பாரிஸ் கதை வேறு. பிரெஞ்சு வழியில் படித்தவன், அந்த ஊர்மேல் எனக்குப் பற்று உண்டு. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பஸ்ஸும் டிராமும் பரவாயில்லை. ஆனால் 1900-ல் தொடங்கிய அதன் மெட்ரோவில், 2024 பாராலிம்பிக்ஸ் நடந்தபோதும், எல்லா ஸ்டேஷனிலும் சக்கர நாற்காலியோடு ஏறி இறங்கக்கூடிய தடம் 14-ஆம் எண் ஒன்றுதான். 2015-ல் திறந்த எங்கள் வடபழனி மெட்ரோ லிஃப்ட்டோடுதான் கட்டப்பட்டது. இத்தனைக்கும் சென்னையில் பாராலிம்பிக்ஸ் நடந்ததே இல்லை.

அந்தப் பாரிஸ் போட்டியில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் என்று நம்மவர் நாலு பேர் பதக்கம் வாங்கினார்கள். போட்டி தொடங்கிய அதே 2024 ஆகஸ்டில்தான் சென்னையில் புதிய தாழ்தளப் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. பதக்கத்துக்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தம் கிடையாது. படி ஏற முடியாதவர்களே வருஷக்கணக்கில் உயர் நீதிமன்றப் படியேறி வாதாடியதால் வந்த பஸ் அது. ஸ்டாப் வரை சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போகத்தான் ஆற்காடு ரோட்டில் வழியில்லை; நடைபாதை துண்டு துண்டாகக் கிடக்கிறது, மிச்சமிருக்கிற துண்டிலும் பைக் நிற்கிறது.